டி.என்.ஏ. பார்த்து மருந்து: எந்த மருந்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. இனிப்பு நீர் நெடுநாளாக இருக்கிறது, கிட்னியும் கொஞ்சம் பலவீனம். போன மாதம் பினாங்கில் இருதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறார். காலில் கவுட் அடிக்கடி வருவதால் அலோபியூரினால் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு ஒரு பேக்கேஜைக் காட்டியிருக்கிறார். எச்சில் கொடுத்தால் போதுமாம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று ஆயுசுக்கும் சேர்த்து டி.என்.ஏ. சொல்லிவிடுமாம். எடுக்கலாமா? அதோடு, "இந்த மருந்து அலர்ஜியெல்லாம் சீனர்களுக்குத்தானே வரும், நம்மவர்களுக்கு வராது இல்லையா?" என்றும் கேட்டிருக்கிறார்.

மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேக்கேஜ் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்கள் அப்பாவின் நிலையில் இரண்டு பரிசோதனைகளை டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று கிளோபிடோக்ரலுக்காக. இன்னொன்று அலோபியூரினால் ஆரம்பிப்பதற்கு முன்பாக. "சீனர்களுக்குத்தானே" என்ற எண்ணம் மட்டும் அடியோடு தப்பு. அந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன்.

மரபணு பார்த்து வைத்தியம் என்றதும் நமக்கென்று தனியாக மருந்து தயாரித்துத் தருவார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மருந்தக அலமாரியில் இருப்பது எல்லாருக்கும் கொடுக்கும் அதே மருந்துகள்தான். அவற்றில் எது இவருக்கு வேலை செய்யாது, எது இவர் உடம்பைக் கெடுக்கும், எதை எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். மரபணு இதில் இரண்டு வழியாக வருகிறது. கல்லீரலில் மருந்தை மாற்றிச் செரிக்கும் என்சைம்கள் சிலருக்கு வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக, சிலருக்கு வேலையே செய்யாது. இது முதல் வழி. இரண்டாவது, நம் நோய் எதிர்ப்புச் சக்தி. எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறு வேறு வடிவத்தில் இருக்கின்றன. சில வடிவங்களில் குறிப்பிட்ட மருந்து போய் ஒட்டிக்கொண்டால், உடம்பு தன் தோலையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும்.

எந்த மருந்துக்கு மரபணு பார்ப்பது, எதற்கு வேண்டியதில்லை? நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்த மருந்து வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்பதை வேறு சுலபமான வழியில் பார்க்க முடியுமா? ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுத்தால் மெஷினில் அழுத்தம் தெரிந்துவிடும். இனிப்பு நீர் மாத்திரைக்கு விரலில் குத்திப் பார்த்தால் போதும், மூன்று மாதக் கணக்கும் ரத்தத்தில் தெரியும். சரிப்படவில்லையா, அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அங்கே மரபணுவுக்குப் பணம் செலவழிப்பதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் சில மருந்துகள் வேலை செய்யவில்லை என்பதே மாரடைப்பு வந்த பிறகுதான் தெரியும். சில மருந்துகளின் முதல் அறிகுறியே தோல் உரிவதாக இருக்கும். அந்த இடத்தில்தான் முன்கூட்டியே பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

மலேசியக் குடும்பங்களுக்கு இது புது விஷயமும் இல்லை. இங்கே குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற என்சைமைப் பார்க்கிறார்கள், 1980களிலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. அந்த என்சைம் குறைவாக இருக்கும் குழந்தைக்குச் சில மருந்துகள் பட்டால் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை முற்றி மூளையைப் பாதிக்கலாம். துணி அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டைகூட ஆகாது என்று நர்ஸ் சொல்லி அனுப்புவது இதனால்தான். மலேரியாவுக்குக் கொடுத்த பிரிமாகுவின் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தத்தை உடைக்கிறது என்று தேடிப்போய், 1956ல் இந்த என்சைம் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பரிசோதனையில் டி.என்.ஏ.வைப் படிப்பதே இல்லை, என்சைம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மலிவு, வேகம், பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் செய்ய முடிகிறது. ஒரு நல்ல பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சரி, கிளோபிடோக்ரலுக்கு வருவோம். இந்த மாத்திரை விழுங்கியபடியே வேலை செய்யாது. கல்லீரலில் சி.ஒய்.பி. 2சி19 என்ற என்சைம் அதை மாற்றிய பிறகுதான் ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் சக்தி அதற்கு வருகிறது. அந்த என்சைமுக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் பழுதாக இருந்தால் மாத்திரை கிட்டத்தட்ட சும்மா போய்வரும். ஐரோப்பியர்களில் இப்படி இருப்பவர்கள் 100க்கு இரண்டு மூன்று பேர்தான். ஆசியாவில் இது ஏறக்குறைய 10க்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ஒரு பிரதியாவது பழுதானவர்களைச் சேர்த்தால் இந்திய வம்சாவளியினரில் பாதிப் பேரை நெருங்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010லேயே இந்த மாத்திரையின் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டது.

அப்படியானால் ஸ்டென்ட் வைத்த எல்லாருக்கும் ஏன் பரிசோதிப்பதில்லை? ஆய்வு முடிவுகள் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 2019ல் நெதர்லாந்தை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வில், மரபணு பார்த்துக் கிளோபிடோக்ரல் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர்களுக்கு அதையே கொடுத்தார்கள். எல்லாருக்கும் வலுவான வேறு மருந்து கொடுத்த குழுவோடு ஒப்பிட்டால், அடைப்பு கூடவில்லை, ரத்தக்கசிவு குறைந்தது. 2020ல் 5,302 பேரை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், பழுது இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, மரபணு பார்த்து மருந்தை மாற்றிய குழுவில் மாரடைப்பு போன்ற பாதிப்பு 4.0 சதவீதம், பார்க்காத குழுவில் 5.9 சதவீதம். குறைவுதான், ஆனால் புள்ளிவிவரக் கணக்கில் உறுதியாகச் சொல்லும் எல்லைக்கு மயிரிழையில் வெளியே நின்றுவிட்டது. அதனால் கருத்து இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில், மூளைப் பக்கவாதத்துக்குப் பிறகு கிளோபிடோக்ரல் கொடுக்கும் முன் இந்த மரபணுவைப் பார்க்கும்படி 2024ல் அவர்களுடைய சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பழுது அரிதாக இருக்கும் நாட்டில் இழுபறியாக இருக்கும் ஒரு கேள்வி, பழுது இத்தனை சகஜமாக இருக்கும் நம் இடத்தில் அவ்வளவு இழுபறி இல்லை. ஸ்டென்ட் வைத்த முதல் சில வாரங்களில்தான் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து மிக அதிகம். ஆகவே பார்ப்பதென்றால் இப்போதே பார்க்க வேண்டும், ஒரு வருடம் கழித்துப் பார்த்துப் பயன் குறைவு. பழுது இருப்பதாக வந்தால் டிகாக்ரலர் அல்லது பிராசுக்ரல் இருக்கிறது. அவற்றுக்கு இந்த என்சைமின் உதவி தேவையில்லை. ஆனால் அவை சும்மா கிடைக்கும் நல்லவை அல்ல: ரத்தக்கசிவு கூடும், டிகாக்ரலர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சிலருக்கு மூச்சு வாங்கும், முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிராசுக்ரல் கூடவே கூடாது. எது பொருந்தும் என்பது இருதய டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அவரைக் கேட்காமல் கிளோபிடோக்ரலை ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, காசில்லாமல் செய்யக்கூடியது. அப்பா வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறாரா பாருங்கள். அதே 2சி19 என்சைமை ஒமெப்ரசோல் மறித்துவிடும், மரபணு நன்றாக இருந்தாலும் கிளோபிடோக்ரல் வலுவிழக்கும். பான்டோபிரசோலுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பல பேர் ஒரு கிளினிக்கில் இருதய மாத்திரையும் இன்னொரு கிளினிக்கில் வயிற்று மாத்திரையும் வாங்குகிறார்கள். இரண்டையும் ஒரே கண் பார்ப்பதில்லை. மரபணு ரிப்போர்ட்டைவிட முதலில் இதைச் சரிசெய்வதுதான் முக்கியம்.

இப்போது தோல் உரியும் விஷயம். கார்பமசெபின் என்று ஒரு மருந்து, டெக்ரெட்டால் என்றால் பலருக்குத் தெரியும். வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுப்பது, நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு மட்டும் சாப்பிட்ட சில வாரங்களில் காய்ச்சல் வரும், கண் சிவக்கும், வாய் புண்ணாகும், பிறகு தீப்பட்டது போலத் தோல் கழன்று வரும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பார்கள். அது முற்றி உடம்பில் பெரும்பகுதி உரிந்துவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் பார்வையே போய்விடும். மருந்தைச் சரியாக எழுதி, சரியாகக் கொடுத்து, சரியாகச் சாப்பிட்டும் வருவது இது. அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை.

2004ல் தைவான் ஆய்வாளர்கள் இதன் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். கார்பமசெபினால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 ஹான் சீனர்களைப் பார்த்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வடிவம் இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டு எதுவும் ஆகாத 101 பேரில் மூன்று பேரிடம்தான் இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான தொடர்பு கிடைப்பது அபூர்வம். பிறகு அவர்களே 4,877 பேருக்கு மருந்து தொடங்கும் முன்பே பரிசோதித்து, 15:02 இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி அத்தனை பேரில் சுமார் 10 பேருக்குத் தோல் உரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அந்த முடிவு 2011ல் வெளிவந்தது. சிங்கப்பூரில் 2013லிருந்து, ஆசிய வம்சாவளி நோயாளிக்குக் கார்பமசெபினைப் புதிதாகத் தொடங்கும் முன் இதைப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டார்கள்.

தைவானில் கண்டுபிடித்ததால் இது சீனர்களின் பிரச்சினை என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் மலாய்க்காரர்களிடமும் 15:02 சீனர்களுக்குக் குறையாமல் இருக்கிறது என்று மலேசியாவில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இந்தியர்களிடம் அளவு குறைவு, ஆனால் இருக்கிறது. இருப்பவருக்கு ஆபத்தும் அதேதான். இந்திய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களிடமும் இந்த மரபணுவுக்கும் கார்பமசெபின் பாதிப்புக்கும் தொடர்பு உண்டு என்று உறுதி செய்தது.

அப்புறம் இன்னொரு விஷயம், நம் நாட்டுக்கே உரியது. ஆஸ்பத்திரிப் பாரத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று? அதில் போடும் ஒரு கோடு உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்? அந்தக் காலத்தில் மலாயாவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தன. சேலை கட்டி, தமிழ் பேசி, பொங்கல் வைத்து, பேரன் பேத்தி எடுத்த பாட்டிகள் அவர்கள். அந்தப் பேரனின் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) பெயரும் தகப்பன் பெயரும் தமிழ்தான், எச்.எல்.ஏ. மட்டும் பாட்டி வழியில் வந்திருக்கலாம். பினாங்கிலோ ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் இருக்கின்றன, தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் கலந்து வந்த வழி. பாரத்தில் மலாய் என்று இருக்கும், உள்ளே பாதி நாகப்பட்டினம் இருக்கும். இப்போது நடக்கும் கலப்புத் திருமணங்களைச் சொல்லவே வேண்டாம். ஒரு நாட்டின் மக்களிடம் எந்த மரபணு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடவும், யாருக்கெல்லாம் பரிசோதனை வைக்கலாம் என்று கொள்கை வகுக்கவும் இனம் உதவும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மருந்து எழுதும்போது அதை நம்பி "இவருக்கு வராது" என்று விட்டுவிட முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் மறுபடியும் கேளுங்கள், தயங்காதீர்கள்.

15:02 இருப்பவர்கள் எல்லாருக்கும் தோல் உரியும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, வலிப்புக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன, அதனால் தவிர்த்துவிடுகிறோம். இல்லை என்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது, வேறு மரபணு வழியாகவும் வேறு மருந்தாலும் வரலாம். ஆகவே எந்தப் புது மருந்தாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல் வந்தால் அந்த மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அலோபியூரினால். அதற்கு உரியது எச்.எல்.ஏ.-பி 58:01. 2005ல் அதே தைவானில், அலோபியூரினாலால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 51 பேரைப் பார்த்தபோது 51 பேரிடமும் இது இருந்தது. சீனர்களிடமும் தாய்லாந்துக்காரர்களிடமும் கூடுதல், இந்தியர்களிடமும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2020 வழிகாட்டி தென்கிழக்காசிய வம்சாவளியினருக்கும் கறுப்பின அமெரிக்கர்களுக்கும் மட்டும் பரிசோதிக்கச் சொல்கிறது, இந்தியர்களை அது குறிப்பிடவில்லை. அதை வைத்து "உங்களுக்குத் தேவையில்லை" என்று ஒருவர் சொல்லலாம். பொதுவான ஒரு நோயாளிக்கு நானும் அதை ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் உங்கள் அப்பா பொதுவான நோயாளி இல்லை. முதலாவது, கிட்னி பலவீனமாக இருந்தால் இந்த மருந்தின் ஆபத்து கூடுகிறது. இரண்டாவது, "எதற்கு வம்பு, கவுட்டுக்கான இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் கொடுத்துவிடலாம்" என்று தாண்டிப்போவதும் இவருக்குச் சுலபமில்லை. இருதய நோய் உள்ள கவுட் நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஃபெபுக்சோஸ்டாட் சாப்பிட்டவர்களிடம் இருதயக் காரணத்தால் இறப்பு கூடுதலாக இருந்ததால், 2019ல் அமெரிக்காவில் அதற்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது. 2020ல் ஐரோப்பாவில் நடந்த வேறொரு ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை, ஆனாலும் புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு டாக்டர் யோசிக்கத்தான் செய்வார். ஆக இரண்டு பக்கமும் பள்ளம். இந்த மாதிரி இடத்தில் ஒரே ஒரு மரபணுவின் விடை முடிவையே மாற்றும். 58:01 இல்லையென்றால் அலோபியூரினாலைத் தைரியமாக, ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, மெல்ல ஏற்றலாம். இருந்தால் அந்தக் கதவை மூடிவிட்டு மற்ற வழிகளைப் பார்க்கலாம். மரபணுப் பரிசோதனைக்குச் செலவழித்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் பற்றிச் சுருக்கமாக. ஒரே வார்டில் படுத்திருக்கும் சீனருக்கு மூன்று மில்லிகிராம் போதும் என்றால் இந்தியருக்கு ஐந்து தேவைப்படலாம், இதற்கு வி.கே.ஓ.ஆர்.சி.1 என்ற மரபணு பெரிய காரணம். விஷயம் உண்மை, ஆனால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு சரியா தப்பா என்று சில நாளில் தெரிந்துவிடுகிறது. முன்னே சொன்ன அளவுகோலில் இது கீழே போய்விடும். கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். தசை வலி வந்தால் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றுவார்கள்.

அடுத்தவர் மரபணுவை வைத்து நமக்குக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் கொடுப்பார்கள், லூப்பஸ் நோய்க்கும் குடல் அழற்சிக்கும் அசத்தியோபிரின் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம். சிலருக்கு இந்த மருந்து எலும்பு மஜ்ஜையை அடித்துப் போட்டுவிடும், வெள்ளையணுக்கள் சரிந்து, தலைமுடி முழுவதும் கொட்டிவிடும். டி.பி.எம்.டி. என்ற மரபணுவின் பழுதே காரணம் என்று மேலை நாடுகளில் கண்டுபிடித்து, அதைப் பரிசோதித்து வந்தார்கள். ஆனால் ஆசியாவில் அந்த மரபணு நன்றாக இருந்த பிள்ளைகளும் சரிந்தார்கள். 2014ல் கொரிய ஆய்வாளர்கள்தான் காரணம் என்.யு.டி.டி.15 என்ற வேறொரு மரபணு என்று காட்டினார்கள். ஐரோப்பியர்களிடம் அந்தப் பழுது மிக அரிது, அதனால் அங்கே யார் கண்ணிலும் படவில்லை. கிழக்காசியர்களிடம் சகஜம், தெற்காசியர்களிடமும் உண்டு. 2016ல் சிங்கப்பூர், ஜப்பான், குவாத்தமாலா பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. இரண்டு பிரதியும் பழுதான குழந்தைக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலே போதும் என்கிற நிலை. யோசித்துப் பாருங்கள், மருந்து ஒன்றே, நோய் ஒன்றே, பத்து மடங்கு வித்தியாசம். உங்கள் வீட்டில் யாருக்காவது அசத்தியோபிரின் எழுதினால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதனால்தான் பேக்கேஜ் வாங்கும் முன் அதில் என்னென்ன மரபணு, எந்தெந்த வடிவம் என்று கேட்கச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 6,944 பேரிடம் 12 மரபணுக்களை ஒன்றாகப் பார்த்து மருந்து கொடுத்த ஆய்வு 2023ல் வந்தது. மருந்தால் வரும் பாதிப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆகவே பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்ப்பதே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பரிசோதித்தது ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தொடங்கப் போகிறவர்களை, விடை போனது மருந்து எழுதுகிறவர் கைக்கு. பேரங்காடியில் எச்சில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நாற்பது பக்க ரிப்போர்ட் அனுப்பினால் அதை யார் படிப்பது? சில பேக்கேஜ்களில் 15:02, 58:01 போன்ற எச்.எல்.ஏ. வடிவங்களே இருக்காது, அதற்குப் பதில் காப்பி ஒத்துக்கொள்ளுமா, எந்தப் பயிற்சி பொருந்தும், பிள்ளைக்கு என்ன திறமை என்று பக்கத்தை நிரப்பியிருப்பார்கள். "நார்மல்" என்று போட்டிருந்தால் தேடிய பழுதுகள் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

புற்றுநோய் சிகிச்சை தனிக் கதை, அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். அங்கே இரண்டு விதமான மரபணுப் பரிசோதனை உண்டு. ஒன்று கட்டியின் மரபணுவைப் பார்ப்பது. அது நோயோடு வந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது. ஆசியாவில் புகைபிடிக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அதிகம். 2009ல் வெளிவந்த கிழக்காசிய ஆய்வில், அந்த மாற்றம் இருந்தவர்களுக்குக் கெஃபிட்டினிப் மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்தது, இல்லாதவர்களுக்குக் கீமோவைவிட மோசமாக இருந்தது. கட்டியைப் பரிசோதிக்காமல் மாத்திரை கேட்கக் கூடாது என்பது இதனால்தான். இன்னொன்று பிறப்பிலேயே வரும் பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுப் பழுது. மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும், ஆனால் விடை குடும்பத்தையே தொடும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். அதை மரபியல் ஆலோசனை இல்லாமல் எடுக்காதீர்கள். இந்த இரண்டு வகையும் கலந்த பேக்கேஜ் என்றால், காப்புறுதி எடுக்கும்போது என்ன கேட்பார்கள் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூலிகை, சப்ளிமென்ட் உட்பட. இருதய டாக்டரிடம், "2சி19 பார்க்க முடியுமா, அதைப் பார்த்தால் மருந்தை மாற்றுவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதி முக்கியம். என்ன வந்தாலும் மருந்தை மாற்றப் போவதில்லை என்றால் பரிசோதனை வேண்டாம். கவுட்டுக்கு மருந்து எழுதுகிறவரிடம் 58:01 பற்றிக் கேளுங்கள். அங்கேயே செய்யாவிட்டால் ரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், விடை வர நாளாகும். கவுட்டுக்கு அது அவசரமில்லை, வலிக்கு இடையில் வேறு மருந்து இருக்கிறது. வேறு யாராவது முன்பே அலோபியூரினாலைப் பல மாதம் பிரச்சினையில்லாமல் சாப்பிட்டு, இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பரிசோதனை தேவையே இல்லை, அந்த ஆபத்துக் காலம் தாண்டிவிட்டது.

விடை வந்ததும் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள், மருந்தகத்தில் அலர்ஜி அட்டை கேட்டு வாங்கி ஐ.சி.யோடு வைக்கச் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு தனியாருக்குத் தெரியாது, தனியாரின் ரெக்கார்டு கிளினிக்குக்குத் தெரியாது. 58:01 இருப்பதாக வந்தால் உங்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அது வந்திருக்க ஆளுக்குக் குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு. அதற்காக இப்போதே எல்லாரும் பரிசோதிக்க ஓட வேண்டாம். உங்களில் யாருக்காவது அலோபியூரினால் எழுதும் நாளில், "அப்பாவுக்கு இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.